குன்னூர்ல ரஷ்யன் கிளாஸ்

எங்க அக்கா பொண்ணு ரஷ்யாவுக்கு எம்பிபிஎஸ் படிக்கப் போகுது. பாடம் இங்கிலீஷ்லதான் நடத்துவாங்களாம், ஆனா வார்டுக்குப் போனா நோயாளி ரஷ்யன்லதானே வலிக்குதும்பாரு, அதனால போறதுக்கு முன்னாடியே கொஞ்சம் கத்துக்கோன்னு யாரோ சொல்லிவிட, 80கள்ல மாஸ்கோவுல இஞ்சினியரிங் படிச்சுட்டு வந்த ஒரு சார் இங்க குன்னூர்லயே கிளாஸ் எடுக்கறாருன்னு கண்டுபிடிச்சோம். சாயங்காலம் ஆறு மணி கிளாஸ். ஐப்பசி மாசம், மிஸ்ட் இறங்கிட்டா எதிர்ல வர்றது ஆளா காட்டெருமையான்னே தெரியாது, நீ துணைக்குப் போடான்னு அக்கா சொல்லிருச்சு. ரெண்டு மணி நேரம் வெளிய நின்னு நடுங்கறதுக்கு உள்ள உக்காந்து படிச்சுட்டுப் போயிரலாமேன்னு நானும் பீஸ் கட்டிட்டேன். அங்க ஆரம்பிச்சது சனி.

கிளாஸ் ஒரு வர்க்கி பேக்கரிக்கு மேல மாடியில. படிக்கறவன் வயித்துக்கு இதைவிடப் பெரிய சோதனை கிடையாது. மொத்தம் அஞ்சு பேர். எங்க பொண்ணு, எம்பிபிஎஸ்ஸுக்கே போற இன்னும் ரெண்டு பசங்க, நான், அப்புறம் அருவங்காடு கார்டைட் ஃபேக்டரியில ரிட்டயர்டு ஆன ஒரு தாத்தா. அவரு எங்கயும் போகல. சின்ன வயசுல என்சிபிஎச், அதான் நியூ செஞ்சுரி புக் ஹவுஸ், அவங்க புஸ்தக வேன் வந்தா மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்து புஸ்தகமா வாங்கித் தள்ளுவாராம், வழவழ பேப்பர், அடிமாட்டு விலை, அதையெல்லாம் தமிழ்ல படிச்சாச்சு, சாகறதுக்குள்ள ஒரு பக்கமாச்சும் மூலத்துல படிக்கணும்ங்கறாரு. எங்க பேட்ச்லயே நியாயமான காரணம் அவருதுதான்.

மொத்தம் 33 எழுத்துன்னதும் எனக்கு ஒரே தெனாவட்டு. 247 எழுத்து படிச்சவனுக்கு இது எம்மாத்திரம்னு நெனச்சேன். ஆனா அதுல ரெண்டு எழுத்துக்கு சத்தமே கிடையாதாம், பக்கத்து எழுத்தை அழுத்தவும் இளக்கவும் வந்து சும்மா உக்காந்திருக்கும், கல்யாண வீட்டு சம்பந்தி மாதிரி. மிச்சத்துல பாதி நமக்குத் தெரிஞ்ச முகத்தோட வந்து ஏமாத்தும். பார்த்தா இங்கிலீஷ்ல பென்னுக்கு வர்ற பி, படிச்சா ர். பார்த்தா எச், படிச்சா ந். பார்த்தா சி, அது ஸ். சார் போர்டுல ஒண்ணு எழுதி படிக்கச் சொன்னாரு, நான் கம்பீரமா எந்திரிச்சு "பெக்டோபா"ன்னேன். அது ரெஸ்தொரான். ஹோட்டல்! எங்க பொண்ணு தலையை டெஸ்க்குக்குள்ள விட்டுக்கிச்சு.

அடுத்து ஆமாங்கறதுக்கு என்னன்னா 'தா'. சார் ஒவ்வொருத்தரையும் நீங்க மாணவரான்னு ரஷ்யன்ல கேக்க, முதல் பையன் எந்திரிச்சு அவரு மூஞ்சிக்கு நேரா "டா"ன்னான். சார் கண்ணாடியைக் கழட்டித் தொடச்சுக்கிட்டே, "டா இல்லப்பா, பந்தால வர்ற தா"ன்னாரு. அதுக்கப்புறம் ஒருவாரம் எல்லாரும் மனசுக்குள்ள பந்தான்னு சொல்லிட்டு பன்னை முழுங்கிட்டு தாவை மட்டும் வெளிய விட்டோம்.

தாத்தா ஜெயிச்ச இடம் ஒண்ணு இருக்கு. ரஷ்யன்ல ஒரு உயிரெழுத்து, இ-யும் இல்லாம உ-வும் இல்லாம நடுவுல நிக்கும், எங்க யாருக்கும் வரல, எனக்கு வாந்தி வர்ற மாதிரி சத்தம் வந்துச்சு. தாத்தா மெதுவா, "நாக்குன்னு சொல்லிப் பாருங்க, கடைசியில உதடு குவியாம ஒரு உ வருதுல்ல, நம்ம குற்றியலுகரம், கிட்டத்தட்ட அதானே?"ன்னாரு. சார் ஒரு நிமிஷம் அப்படியே நின்னுட்டாரு. எட்டாங்கிளாஸ்ல அந்த குற்றியலுகரத்துக்காக நான் முட்டி போட்டது வீண் போகல பாருங்க.

உண்மையச் சொன்னா ரஷ்யன் நமக்கு அவ்வளவு அந்நியம் இல்ல. நான் மாணவன்னா நான், மாணவன் அவ்வளவுதான், நடுவுல இங்கிலீஷ்காரன் சொருகற வினை அங்கயும் இல்ல. நீ, நீங்க ரெண்டும் தனித்தனியா இருக்கு. வேற்றுமை அவங்களுக்கு ஆறு, நமக்கு எட்டு. டீ அங்கயும் சாய்தான், சர்க்கரைக்கு 'சாஹர்', ரெண்டும் ஒரே வேர்ல இருந்து போன பங்காளிங்கதானாம். வணக்கத்துக்கு சொல்ற 'ஸ்த்ராஸ்த்வுய்த்யே' கூட அர்த்தம் பார்த்தா நம்ம பாட்டிங்க சொல்ற நல்லா இருங்கதான், என்ன, அதைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள எதிர்ல இருக்கறவருக்கு வயசாயிரும்.

இப்ப என் கதைக்கு வர்றேன். மூணாவது வாரம் ஹோம்வொர்க், மளிகை சாமான் பேரை ரஷ்யன்ல எழுதிட்டு வாங்கன்னாரு. பேப்பர் தேட சோம்பேறித்தனம், வீட்டம்மா எழுதி வெச்ச மளிகை லிஸ்ட்டைத் திருப்பி அது பின்னாடியே கொட்டை எழுத்துல எழுதிட்டேன். மறுநாள் மழையில மார்க்கெட்டுக்குப் போயி அண்ணாச்சிகிட்ட அதை நீட்டிட்டு போன்ல பேசிட்டு இருக்கேன். அண்ணாச்சி ரஷ்யா பக்கத்தைப் பார்த்துட்டாரு. மனுசன் அசரல. ஜூஸுக்கு 'சோக்'னு நான் எழுதினதை அவரு கோக்குன்னு படிச்சு ஒரு பெரிய பாட்டிலை எடுத்து வெச்சுட்டாரு. அடுத்து கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, லிஸ்ட்டை பல்புக்கு நேரா புடிச்சு, "தம்பி, கேக்ஸாப் இன்னிக்கு ஸ்டாக் இல்ல, திங்கக்கிழமை லோடுல வரும்"னாரு.

கேக்ஸாப் வேற ஒண்ணுமில்ல. சாஹர்.

அப்படி ஒரு சாமானே கிடையாதுங்கற வார்த்தை அவரு வாயில வராதுன்னு தெரியும், ஆனா இந்த அளவுக்குன்னு தெரியாது. சிரிப்பை அடக்கிட்டு லிஸ்ட்டைத் திருப்பிக் குடுத்து சாமான் வாங்கிட்டு வந்துட்டேன், வெளக்கம் சொல்ல வெக்கமா இருந்துச்சு.

திங்கக்கிழமை கிளாஸுக்குப் போறப்ப கடைக்குள்ள இருந்து சத்தம். "தம்பி, மேட்டுப்பாளையத்துலயே விசாரிச்சுட்டேன், அந்த கேக்ஸாப் இப்ப வர்றதில்லையாம். அதே மாதிரி வேற கம்பெனி இருக்கு, குடுக்கட்டுமா?"