தலைக்கட்டு வரி நோட்டில் கிடைத்த பெயர்

தாராபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன தன் தம்பியைப் பற்றி அம்மாயி (அம்மாவின் அம்மா) கடைசி வரை பேசிக்கொண்டிருந்தார். அவர் பிறந்த வீட்டின் குலதெய்வக் கோயிலில் பழைய தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவு எனக் கோயிலுக்குக் கட்டும் வரி) நோட்டைப் புரட்டியபோது, ஊரை விட்டுப் போன பின்னும் அந்தத் தம்பியின் பெயரில் அவருடைய தகப்பனார் ஆண்டுதோறும் வரி கட்டி வந்திருப்பதைக் கண்டு எனக்குக் கண் கலங்கியது.

இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி, இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவானது. தலைமன்னாரில் கப்பலேறி வந்தவர்களில் பலருக்கு நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தது. ஆகவே கோத்தகிரியில் வீடு வீடாக விசாரித்தேன்.

மூன்றாம் பயணத்தில் ஒரு மூதாட்டி, தாயகம் திரும்பியவர்களுக்குத் தரப்பட்ட குடும்ப அட்டையைத் துணியில் சுற்றி வைத்திருந்ததை எடுத்துக் காட்டினார். ஓரம் அரித்த அந்தத் தாளில், பூர்வீக ஊருக்கான இடத்தில், எழுத்துப் பிழையோடு எங்கள் அம்மாயியின் ஊர்ப் பெயர் இருந்தது. ஆவணத்தைவிட என்னை உறுதியாக நம்பவைத்தது அவர் பேச்சுதான். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர், தகப்பனாரை எங்கள் கொங்கு வழக்கில் "எங்கய்யன்" என்றே சொன்னார்.

அம்மாயியின் தம்பி மகளான அவர், முறைப்படி எனக்கு அத்தை. அம்மாவைக் கைப்பேசியில் அழைத்து அத்தையிடம் கொடுத்தேன்; இருவரும் வெகுநேரம் அழுதார்கள். வருகிற மாசிப் பொங்கலுக்கு, அந்தத் தலைக்கட்டுக்கான வரியை அத்தை தன் கையால் கட்டப்போகிறார்.