ரெண்டு சுத்தியல் அடியையும் கேட்காமல் வந்த கதை

2024 நவம்பரில் பாகுவில் நடந்த காப் 29 காலநிலை மாநாட்டுக்குப் பார்வையாளராகப் போய்வந்தேன். கடலோரத்தில் அலையாத்தி நடும் சின்னக் குழு எங்களுடையது. “கார்பன் கிரெடிட் வித்தா காசு வருமாமே, என்னன்னு விசாரிச்சுட்டு வா” என்று அனுப்பிவைத்தார்கள். கரியமில வாயுவைக் குறைத்ததற்கோ, மரம் உள்ளிழுத்ததற்கோ கிடைக்கும், விற்கக்கூடிய சான்றுதான் கார்பன் கிரெடிட்.

முதல் சோதனை இனிஷியலில். எங்களுக்கு ஒரு இடம் ஒதுக்கித் தந்த அமைப்பு என் பெயரை இனிஷியலோடு பதிந்துவிட்டது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கிறது. பேட்ஜ் கவுன்ட்டரில் இருந்தவருக்கு அந்த ‘எஸ்’தான் என் அப்பா என்று புரியவைக்க அரைமணி நேரம் ஆனது. போகிறவர்கள் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து கொடுத்துவிடுங்கள்.

நவம்பர் 11, முதல் நாள். நிகழ்ச்சி நிரலிலேயே தகராறு. பொது அமர்வு நகரவே இல்லை. பசி தாங்காமல் அறைக்குத் திரும்பிவிட்டேன். அன்றிரவே, முடிவானதற்கு அடையாளமாகச் சுத்தியலைத் தட்டி, பாரிஸ் ஒப்பந்தத்தின் 6.4 பிரிவில் வரும் ஐ.நா. கார்பன் சந்தைக்கான தரவிதிகளை ஏற்றுவிட்டார்கள். அக்டோபரில் அந்தச் சந்தையின் மேற்பார்வைக் குழு முடிவு செய்ததை விவாதமே இல்லாமல் எடுத்துக்கொண்டார்கள் என்று முணுமுணுப்பு இருந்தது. எனக்கும் அது நியாயமாகப் படவில்லை. நான் செய்தியைப் போர்வைக்குள் போனில் படித்தேன்.

மற்ற நாட்கள் 6.2 நடந்த சின்ன அறைகளில். நாடும் நாடும் நேரடியாகக் கிரெடிட் கைமாற்றும் பிரிவு அது. திரையில் வரைவு ஓடும், ஒத்துக்கொள்ளாத சொல்லெல்லாம் அடைப்புக்குறிக்குள் கிடக்கும். நாங்கள் பின்வரிசை நாற்காலி. சூடு ஏறினால் “நாடுகள் மட்டும்” என்று வெளியே அனுப்பிவிடுவார்கள். முதலில் ஒன்றும் விளங்கவில்லை. நம் ஊர் மனை விவகாரமாக நினைத்துப் பார்த்ததும் பிடிபட்டது. ஒரே மனையை ரெண்டு பேருக்கு விற்கக்கூடாது. அதேபோல், விற்ற நாடு அந்தக் குறைப்பைத் தன் கணக்கில் காட்டக்கூடாது. விற்க அனுமதி கொடுத்த நாடு பிறகு மனம் மாறினால் என்ன செய்வது? இதற்கே பல அமர்வுகள் கரைந்தன.

அரங்குகள் இருந்த பக்கம் வேறு உலகம். காபி, போட்டோ, எல்லார் வாயிலும் ‘இயற்கை வழித் தீர்வு’. மரம் நட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிற தொனி. என்னிடம் ஒரே கேள்விதான்: புயலில் காடு போய்விட்டால் விற்ற கிரெடிட்டுக்கு யார் பொறுப்பு? ‘தானே’ புயலைப் பார்த்தவர்களுக்கு இது சும்மா கேட்கிற கேள்வி இல்லை. கென்யாவின் காஸி விரிகுடா திட்டத்தைப் பற்றிப் பேசிய ஒருவரைக் காபி வரிசையில் வழிமறித்தேன். 117 ஹெக்டேர் அலையாத்தி. கிரெடிட் காசில் ஊருக்குக் குடிதண்ணீரும் பள்ளிக்கு உதவியும். கிடைக்கும் கிரெடிட்டில் ஒரு பங்கை விற்காமல் ஒதுக்கி வைப்பார்களாம். காடு அழிந்தால் அதிலிருந்து ஈடுகட்டுவது. “ஆனால் மரம் எவ்வளவு கார்பன் பிடித்திருக்கிறது என்று அளந்து, வெளியாளை வைத்துச் சரிபார்க்கிற செலவை முதலில் கணக்குப் போடு” என்றார். பாகுவில் எனக்குக் கிடைத்த உருப்படியான பதில் அதுதான்.

22-ஆம் தேதி முடியும் என்று போட்டிருந்ததை நம்பி அன்றிரவே டிக்கெட் எடுத்திருந்தேன். 6.2 நிறைவேறியது 23 சனிக்கிழமை இரவு. நீங்களாவது மூன்று நாள் தள்ளி எடுங்கள்.

ஊர் திரும்பியதும் முதலில் வாங்கியது அளக்கும் டேப். சுரபுன்னை என்கிற அலையாத்தி மரத்தின் சுற்றளவை மற்ற மரம்போல மார்பு உயரத்தில் அளந்தால், தண்டிலிருந்து சேற்றுக்கு இறங்கும் முட்டுவேரில் டேப் சிக்கும். மேல்முனை முட்டுவேருக்கு 30 சென்டிமீட்டர் மேலே சுற்ற வேண்டும். முழங்கால் சேற்றில் நின்று, ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு, போன வாரம் பதினோரு மரம் அளந்தோம்.