45 டிகிரியில் ஒரு தவறு

படித்தது மின்னணுவியல். வேலை கிடைத்ததோ ஜெர்மனியில், குரங்குகளின் பார்வையை ஆராயும் ஒரு கூடத்தில். கோட் எழுதத்தான் எடுத்தார்கள். மூளையைப் பற்றி அன்று எனக்குத் தெரிந்ததை எழுதச் சொன்னால் ஒரு பக்கம் தேறாது.

குரங்கு என்றால் ரீசஸ் மக்காக். நம் ஊர்க் கோயில் வாசலில் தேங்காய் மூடியைப் பிடுங்கும் குரங்குக்கு நெருங்கிய சொந்தம். மயக்க மருந்தில் அது படுத்திருக்கும். கண்ணுக்கு எதிரே திரையில் வரிவரியான கோடுகள் சாய்வு மாறி மாறி நகரும். பின்மண்டையில் திறந்த சின்ன இடத்தில், வி1 என்கிற முதல் பார்வைப் புறணியின் (மூளையின் மேலுறையில் பார்வைச் செய்தி முதலில் வந்து சேரும் பகுதி) மேல் சிவப்பு வெளிச்சம். அதற்கு மேலே கேமரா. நியூரான்கள் வேலை செய்யும் இடத்தில் ரத்தம் ஆக்சிஜனை இழந்து கொஞ்சம் கறுக்கும். கொஞ்சம் என்றால், ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு சாய்வுக்கு வந்த படத்திலிருந்து அதற்குச் செங்குத்தான சாய்வின் படத்தைக் கழித்து, பல தடவை எடுத்ததைச் சராசரியாக்கி, அந்த ஆயிரத்தில் ஒன்றைப் பிடிப்பது என் வேலை. (முதல் நாள் அந்த அறையைப் பார்த்துவிட்டு வந்த இரவு சாப்பாடு இறங்கவில்லை. அந்தச் சங்கடம் முழுசாகப் போனதும் இல்லை.)

இங்கே பல நியூரான்கள் ஒவ்வொன்றும் தனக்குப் பிடித்த ஒரு சாய்வில் கோடு வந்தால்தான் அதிகம் துடிக்கும். ஒவ்வொரு சாய்வுக்கும் ஒரு நிறம் கொடுத்தால் வரைபடம் தயார். நிறங்கள் பட்டை பட்டையாக ஓடி, சில புள்ளிகளில் எல்லாம் ஒன்றுகூடி, ஓலைக் காற்றாடி போலச் சுற்றி நிற்கும். கூடத்தில் அதைப் பின்வீல் என்போம். எலிக்கு இந்த ஒழுங்கு கிடையாது. வெவ்வேறு சாய்வை விரும்பும் நியூரான்கள் உப்பும் மிளகுமாகக் கலந்து கிடக்கும்.

இந்த விருப்பம் எங்கிருந்து வருகிறது? ஹியூபல், வீசல் என்ற இரண்டு மூளை ஆய்வாளர்கள் 1958-ல் பூனையிடம் இதைக் கண்டது தற்செயலாக. கரும்புள்ளிக்கு அசையாத ஒரு நியூரான், வெளிச்சம் போடும் கருவியில் கண்ணாடிச் சில்லைச் செருகும்போது அதன் விளிம்பு போட்ட மெல்லிய நிழல்கோட்டுக்குப் படபடவென்று துடித்தது. 1962-ல் அவர்கள் சொன்ன விளக்கம் கோலம் போடுகிறவர்களுக்கு உடனே புரியும். கண்ணின் செய்தியைப் புறணிக்கு அனுப்பிவைக்கும் தலாமஸில் ஒவ்வொரு செல்லும் பார்ப்பது ஒரு வட்டப் புள்ளியை. நேர்வரிசையில் நிற்கும் புள்ளிகளின் இணைப்புகள் ஒரே நியூரானில் வந்து சேர்ந்தால், அதற்குக் கோடு பிடிக்கும். மக்காக்கில் இன்னும் கொஞ்சம் சிக்கல். புறணியின் அடுக்குகளில், தலாமஸின் நார்கள் வந்து இறங்கும் 4சி என்ற அடுக்கில் பெரும்பாலான நியூரான்கள் சாய்வைக் கண்டுகொள்வதே இல்லை. மேலடுக்குகளில்தான் அது தலைகாட்டுகிறது. அங்கே பக்கவாட்டில் சில மில்லிமீட்டர் ஓடும் நார்கள், நடுவில் இருப்பவர்களைத் தாண்டிப்போய், பெரும்பாலும் தன்னைப் போன்ற சாய்வுக்காரர்கள் இருக்கும் திட்டுகளில் இறங்கும்.

சரி, என் கதைக்கு வருகிறேன். மூன்று மாதம் வரைபடமாகப் போட்டுத் தள்ளினேன். அப்புறம் ஒருநாள், என் படத்தை வழிகாட்டியாக வைத்து எலெக்ட்ரோடை இறக்கினார்கள். நியூரானின் துடிப்பை ஸ்பீக்கரில் சத்தமாகக் கேட்கவைக்கும் மெல்லிய ஊசி அது. படம் 45 டிகிரி என்ற இடம். திரையில் 45 வந்தது. ஸ்பீக்கரில் வெறும் இரைச்சல். 135 வந்ததும் கடகடவென்று சத்தம். வேறு இடத்தில் இறக்கினோம். அங்கேயும் அப்படியே.

அன்றிரவே காரணம் கிடைத்தது. கோடுகளைத் திரையில் போடும் நிரல் உயரத்தை மேலிருந்து கீழாக எண்ணுகிறது. என் நிரல் பள்ளிக்கூட வரைபடத்தாள் போலக் கீழிருந்து மேலாக. அதனால் வலச்சாய்வு இடச்சாய்வாகிவிட்டது. ஆனால் படுக்கைக்கோடும் நிமிர்ந்த கோடும் தலைகீழானாலும் மாறாது. தொடக்கத்தில் நான் சரிபார்த்தது அந்த இரண்டை மட்டும்தான்!

திருத்த ஒரு வரி போதுமாக இருந்தது. என்னை உறுத்தியது வேறு. மூன்று மாதமும் படம் ஏன் காட்டிக்கொடுக்கவில்லை? பின்வீல்கள் திசைமாறிச் சுற்றியிருக்கும். ஆனால் புறணியில் இடஞ்சுழி, வலஞ்சுழி இரண்டுமே ஏறக்குறைய சம அளவில் உண்டு. பக்கவாட்டு நார்களைப் படத்தின் மேலே பொருத்திப் பார்த்தாலும், 45-ஐச் சேர்ந்தவை எல்லாம் ஒன்றாகவே 135 ஆகிவிட்டதால், இனம் இனத்தோடுதான் சேர்ந்திருக்கும். படத்துக்குள்ளேயே நின்று பார்த்தால் தவறே இல்லை.

நியூரானின் நெற்றியிலும் 45 என்று எழுதியிருக்கவில்லை. யாரிடமிருந்து இணைப்பு வருகிறது, யாரிடம் போகிறது என்பதுதான் அதன் சாய்வு. தனியாக அதைக் கேட்டால் பதிலும் குழப்பம்தான்: பிடித்த சாய்வில் மங்கிய கோடு வந்தாலும், கொஞ்சம் விலகிய சாய்வில் பளிச்சென்ற கோடு வந்தாலும் ஒரே அளவுதான் துடிக்கும். ஒரு நியூரான் பல டிகிரி விலகலைக்கூடப் பொறுத்துக்கொள்ளும். நமக்கோ சுவரில் மாட்டிய படம் ஒன்றிரண்டு டிகிரி சாய்ந்தாலே கண் உறுத்தும். அந்தக் கூர்மை பல நியூரான்களின் பதிலை ஒன்றோடொன்று ஒப்பிட்டால்தான் கிடைக்கும்.

குழுத் தலைவர் திட்டவில்லை. "எலெக்ட்ரோடை முதல் மாதமே இறக்கியிருக்க வேண்டும்" என்றார். அதுவும் நியாயம்தான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் திரையில் ஒரு பெரிய 'ஞ' வந்துபோகும்படி நிரலில் சேர்த்தேன். எப்படித் திருப்பினாலும் கவிழ்த்தாலும் எனக்கு உடனே தெரிந்துவிடும். மற்றவர்கள் அதை நத்தை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். "நத்தை சரியாக இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டுத்தான் கேமராவைப் போடுவார்கள்.