மங்களம் பாடாமல் முடிந்த கூத்து

குழந்தைகளுக்கான நிகழ்ச்சி என்று டிக்கெட்டில் போட்டிருந்தார்கள். கதாநாயகன் கடைசிக் காட்சியில் உருகிச் செத்துப்போவான் என்று எங்கேயும் போடவில்லை. அதுவும் கிறிஸ்துமஸ் நெருங்குகிற வாரத்தில்!

'தி ஸ்னோமேன்' படத்தைப் பற்றி இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்த யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. ஒரு சிறுவன் செய்த பனிமனிதன் ராத்திரியில் உயிர் பெறுகிற கதை. ரேமண்ட் பிரிக்ஸ் 1978-இல் சொற்களே இல்லாமல் வரைந்த படப்புத்தகம் அது. 1982 டிசம்பர் 26 அன்று 26 நிமிடப் படமாகச் சேனல் 4 தொலைக்காட்சியில் வந்தது. அப்புறம் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வந்துகொண்டே இருக்கிறது. டிசம்பர் வந்தால் தேவாலயங்களிலும் அரங்குகளிலும் பெரிய திரை கட்டி இதை ஓட்டுவார்கள். ஹோவர்ட் பிளேக்கின் இசையைத் திரைக்குக் கீழே உட்கார்ந்து ஆர்கெஸ்ட்ரா நேரில் வாசிக்கும். வசனம் கிடையாது, ஒரே ஒரு பாட்டு. விசிட்டர் விசாவில் நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த அத்தைக்கும் இது தோதாக இருக்கும் என்று அழைத்துப்போனோம்.

தேவாலயத்துக்குள் வெளியே இருந்ததைவிடக் குளிர். விளக்கை அணைத்ததும் அத்தனை பிள்ளைகளும் வாயை மூடிக்கொண்டார்கள். "என்ன மக்களே, ஒரு சத்தத்தையும் காணோம்?" என்று அத்தை சாதாரணக் குரலில் கேட்டது கடைசி வரிசை வரைக்கும் போயிருக்கும்.

ஆனால் படம் அழகு. எல்லாமே கையால் க்ரேயான் தீட்டிய சித்திரங்கள். அதனால் சிறுவன் அசையாமல் நிற்கும்போதுகூட அவன் மேலிருக்கும் நிறம் லேசாகத் துடித்துக்கொண்டே இருக்கிறது. ஆர்கெஸ்ட்ராவை நடத்துபவர் காதில் ஹெட்போன் மாட்டியிருந்தார். அதில் தாளக்கணக்கு டிக் டிக் என்று ஓடுமாம். இல்லாவிட்டால் பனிமனிதன் மேலே கிளம்பின பிறகுதான் வயலின் கிளம்பும். படம் யாருக்காகவும் நிற்காது, வாசிப்பவர்கள்தான் துரத்திப்போக வேண்டும்.

எங்கள் ஊர்த் தோல்பாவைக்கூத்தில் இந்தக் கஷ்டமே இல்லை. வெள்ளைத் துணிக்குப் பின்னால் வெளிச்சம், ஆட்டுத்தோலில் தீட்டிய பாவைகள், பக்கத்திலேயே ஹார்மோனியமும் மிருதங்கமும். பாவையை ஆட்டுகிறவரே பாடுவார், ராவணனாகவும் சீதையாகவும் பேசுவார். பாட்டு நீண்டால் அனுமார் அந்தரத்தில் காத்திருப்பார். முன்வரிசையில் பிள்ளைகள் சண்டை போட்டால் கோமாளிப் பாவைகளான உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து அதையே கிண்டலடித்துவிட்டுப் போவார்கள். கடலைத் தோலை மணலில் போட்டுக்கொண்டே பார்ப்போம். ஹெட்போனாவது ஒன்றாவது!

சரி, தேவாலயத்துக்கு வருகிறேன். பனிமனிதன் சிறுவனின் கையைப் பிடித்துக்கொண்டு பிரைட்டன் நகரத்துக்கு மேலே பறக்கும்போதுதான் 'வாக்கிங் இன் தி ஏர்' பாட்டு வரும். படத்தில் பாடியது செயின்ட் பால் தேவாலயப் பாடகர் குழுவில் இருந்த பீட்டர் ஆட்டி என்ற பையன். 1985-இல் அதைத் திரும்பப் பாடிப் பெயர் வாங்கியது ஆலட் ஜோன்ஸ். படத்தில் ஆட்டியின் பெயரைப் போடவே விட்டுவிட்டார்களாம், நம்மூர்க் கதைதான். அன்று ஒரு சின்னப் பையன் எழுந்து நின்று பாடினான். மேலே ஓட்டுக்கூரை வரைக்கும் குரல் போய்த் திரும்பியது. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை சிறுவன் வாசலுக்கு ஓடுகிறான். பனிமனிதன் நின்ற இடத்தில் அவனுடைய தொப்பி, மப்ளர், ஒரு பனிக்குவியல். ராத்திரி வட துருவத்தில் கிறிஸ்துமஸ் தாத்தா கொடுத்த இன்னொரு மப்ளர் சிறுவனின் பையில் இருக்கிறது, ஆகவே கனவும் இல்லை. மண்டியிட்டு உட்காருகிறான். அவ்வளவுதான், விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

டீக்கு நின்ற வரிசையில் முன்னால் இருந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வருஷா வருஷம் வந்து அழுதுவிடுவேன்" என்று சந்தோஷமாகச் சொன்னார். எனக்கு அங்கேதான் கோபம் வந்தது. பிரிக்ஸின் புத்தகத்தில் கிறிஸ்துமஸே கிடையாது. வட துருவம், கிறிஸ்துமஸ் தாத்தா எல்லாம் படம் எடுத்தவர்கள் சேர்த்தது. அவ்வளவு தாராளமாகச் சேர்த்தவர்களுக்கு, கடைசியில் இரண்டு அங்குலம் புதுப் பனி கொட்டவைக்க மட்டும் மனம் வரவில்லையா?

நாமும் அழாதவர்கள் இல்லை. இந்திரஜித்தின் அம்பில் லட்சுமணன் சாய்கிற ராத்திரி எங்கள் ஊர்ப் பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார்கள். ஆனால் அனுமார் சஞ்சீவி மலையோடு வந்துவிடுவார் என்று தெரிந்து அழுகிற அழுகை அது. இவர்கள் யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்தே, டிக்கெட் வாங்கி, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து அழுகிறார்கள்.

இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். பொய்யும் இல்லை. தூறலுக்குக் குடை எடுப்பதில்லை. பின்னால் வருபவருக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். என் காலை மிதித்தவரிடம் நானே சாரி சொல்கிறேன். ஆனால் அன்று பஸ்ஸில் வரும்போது நான் பார்த்துக்கொண்டிருந்தது கூத்தின் பத்தாம் நாளை. பட்டாபிஷேகம் முடிந்தால் மழை வரும் என்பார்கள். வராத வருஷங்களும் உண்டு. அப்போதும் மங்களம் பாடாமல் விளக்கை அணைத்ததில்லை.

இரண்டு நாள் கழித்து அத்தை வீடியோ காலில் நாகர்கோவில் சித்தியிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தார். பனிமனிதன் பறந்தான், உருகினான், பையன் தேம்பித் தேம்பி அழுதான், அன்றைக்கு ராத்திரியே திரும்பவும் பனி பெய்தது, பையன் முன்னதைவிடப் பெரிதாக ஒன்று செய்துவிட்டான்.

"அப்படி வரவே இல்ல பாட்டி!" என்று என் மகள் பாய்ந்து வந்தாள்.

"நீ சும்மா இரு மக்களே. குளிர் முடிய இன்னும் ரெண்டு மாசம் கெடக்கு. பெய்யாமலா போயிரும்?" என்றார் அத்தை. அப்புறம் சித்தியிடம் வாழைத்தார் என்ன விலைக்குப் போகிறது என்று கேட்க ஆரம்பித்தார்.