தூண்டிலைப் போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம்: மிசூரி ஆற்றில் கெளுத்தி பிடித்த கதை

குழந்தைகளை மீன் பிடிக்கக் கூட்டிப்போகிற பெரியவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் சொதப்புவார்கள். கையில் கம்பைக் கொடுத்து, தக்கையைவிட்டுக் கண்ணை எடுக்காதே, சத்தம் போடாதே, ஆடாதே என்று உட்காரவைப்பார்கள். கால் மணி நேரம் தாங்காது. அப்புறம் ஆற்றில் கல்லெறிவது, பசி, கொசு, வீட்டுக்குப் போகலாம் என்ற நச்சரிப்பு. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமையே கிடையாது என்று தீர்ப்பையும் எழுதிவிடுவார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஒரு வேலையும் கொடுக்காமல் சும்மா உட்கார் என்றால் எனக்கே பொறுக்காது.

போன ஆகஸ்டில் அமெரிக்காவில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, அக்கா பிள்ளைகள் இரண்டு பேரோடு மிசூரி ஆற்றங்கரையில் தங்கினோம். மூத்தவளுக்குப் பதினொன்று, சின்னவனுக்கு ஏழு. அத்தானோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர்தான் கூட்டிப்போனார். சின்ன வயதிலிருந்து அந்த ஆற்றில் கெளுத்தி பிடிப்பவர். அவர் கம்பைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருப்பதே இல்லை. சாயங்காலம் கரையோரமாகத் தூண்டிலைக் கட்டிவைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவார். விடிந்ததும் போய்ப் பார்ப்பார். இடையில் காத்துக்கிடப்பது தூண்டிலின் வேலை.

நாங்கள் போன இடம் மிசூரி மாநிலத்தில் ரோச்போர்ட். ஆற்றை ஒட்டிச் சுண்ணாம்புக்கல் பாறைகள் சுவராக எழுந்து நிற்கிற சின்ன ஊர். அமெரிக்காவின் மேற்குப் பகுதியை ஆராயப் புறப்பட்ட லூயிஸும் கிளார்க்கும் 1804 ஜூனில் இந்த வழியாகத்தான் படகில் மேலே போனார்கள். பாறையில் பழங்குடிகள் வரைந்திருந்த ஓவியங்களைப் பற்றிக் குறிப்பும் எழுதியிருக்கிறார்கள். பின்னால் ரயில்பாதை போட வெடி வைத்ததில் அந்த ஓவியங்களில் பெரும்பகுதி போய்விட்டது. அந்த ரயிலும் இன்று இல்லை. 1986-இல் போக்குவரத்து நின்று, தண்டவாளம் இருந்த தடம் இப்போது கேட்டி டிரெயில் என்ற சைக்கிள் பாதையாகியிருக்கிறது. 1893-இல் கட்டிய ரயில் குகை ஒன்று ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பிள்ளைகள் அதற்குள் நின்று கத்திப் பார்த்தார்கள். சுற்றுலா அத்தோடு முடிந்தது. அவர்களுக்கு ஆற்றுக்குப் போகணும்.

மிசூரி அமெரிக்காவிலேயே நீளமான ஆறு, சுமார் 3,767 கிலோமீட்டர். தண்ணீர் கலங்கல். கையை முழங்கை வரை விட்டால் விரல் தெரியாது. மீன் எப்படி மாமா இரையைப் பார்க்கும் என்று சின்னவன் கேட்டான். கெளுத்திக்குப் பார்க்க வேண்டியதில்லை. அதன் செதிலில்லாத தோல் முழுக்கச் சுவைமொட்டுகள் இருக்கின்றன. மீசைகளில் இன்னும் நெருக்கமாக இருக்கும். ஓட்டத்தில் வருகிற வாசனையையும் சுவையையும் பிடித்துக்கொண்டு இருட்டிலேயே இரைக்கு வந்துவிடும். சொன்னதும், "அப்ப அது முழுசாவே ஒரு நாக்கு" என்றான். அதைவிட நன்றாக என்னால் சொல்லியிருக்க முடியாது.

மத்தியானமே வேலை தொடங்கிவிட்டது. முதல் வேலை இரை. ஓடை வந்து சேர்கிற இடத்தில் சின்னக் கம்பு, சின்னக் கொக்கி, மண்புழு வைத்து உள்ளங்கை அகல சன்ஃபிஷ் மீன்களைப் பிடிக்கச் சொன்னார் பெரியவர். இதில் காத்திருப்பே கிடையாது. போட்டால் கொத்தும். பிடித்ததையெல்லாம் வாளித் தண்ணீரில் உயிரோடு விட்டு, வாளியை நிழலில் வைத்து, அவ்வப்போது தண்ணீர் மாற்றுகிற பொறுப்பைச் சின்னவன் எடுத்துக்கொண்டான். யாரும் அவனிடம் அதைச் சொல்லவில்லை.

இரண்டாவது வேலை கட்டுவது. ஒரு ஆள் உயரத்துக்குச் சற்று அதிகமான கண்ணாடியிழைக் கம்பு, தார் தோய்த்த கறுப்பு நைலான் கயிறு, ஈயக்குண்டு, கயிறு முறுக்கிக்கொள்ளாமல் இருக்க ஒரு சுழலி, நுனியில் கொக்கி. இந்தக் கொக்கியின் முனை உள்பக்கமாக வளைந்திருக்கும். மீன் இரையை விழுங்கிக்கொண்டு திரும்பும்போது அது வழுக்கிவந்து வாயோரத்தில் மாட்டும், தொண்டைக்குள் இறங்காது. ஆள் பக்கத்தில் இல்லாத தூண்டிலுக்கு இதுதான் சரி, வேண்டாத மீனை அதிகக் காயமில்லாமல் திருப்பி விடலாம் என்றார் பெரியவர். மூத்தவள் முடிச்சைக் கற்றுக்கொண்டு, அடுத்ததிலிருந்து என்னைக் கட்டவே விடவில்லை. நான் கட்டியதை இழுத்துப் பார்த்து, "இது வழுக்குது மாமா" என்று அவிழ்த்தும் விட்டாள்.

மூன்றாவது வேலை தகட்டுச் சீட்டு எழுதுவது. மிசூரி மாநிலச் சட்டப்படி இப்படிக் கட்டிவைக்கிற தூண்டில் ஒவ்வொன்றிலும் வைத்தவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும், அல்லது உரிமத்தில் கொடுக்கிற எண்ணாவது இருக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் ஒரு முறையாவது வந்து பார்த்தாக வேண்டும். எல்லாம் சேர்த்து ஒரு ஆளுக்கு 33 கொக்கிதான், மிசிசிப்பி ஆற்றில் மட்டும் 50. பதினாறு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு உரிமம் தேவையில்லை, எனக்குத் தேவைப்பட்டது. வாங்கிக்கொண்டேன். தலைப்பெழுத்தோடு என் முழுப்பெயர் அந்தத் துண்டுத் தகட்டில் அடங்காமல் மூத்தவள் பட்ட பாட்டைப் பார்த்துப் பெரியவர் சிரித்துக்கொண்டே இருந்தார்.

இந்தச் சட்டங்கள் எனக்குப் பிடித்திருந்தன. கட்டிவிட்டு மறந்துபோன தூண்டில் மீனைக் கொன்றுகொண்டே இருக்கும், யாருக்கும் உபயோகமில்லாமல். அதைவிட மோசமான மீன்பிடிப்பு கிடையாது.

படகில் ஏறும்போது லைஃப் ஜாக்கெட் பஞ்சாயத்து. படகில் 7 வயதுக்குட்பட்டவர்கள் கட்டாயம் போட வேண்டும் என்பது சட்டம். எனக்குத்தான் ஏழு முடிந்துவிட்டதே என்று சின்னவன் வாதாடினான். "சட்டம் அது. இது என் படகு" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் முதலில் தன்னுடையதை மாட்டிக்கொண்டார். வழக்கு முடிந்தது. அந்த ஆற்றில் அது வெறும் சம்பிரதாயமில்லை. கப்பல் போவதற்காகக் கரையைக் கட்டி, ஆற்றை ஒடுக்கி, 9 அடி ஆழத்துக்குத் தடம் வைத்திருக்கிறார்கள். சூ சிட்டியிலிருந்து செயின்ட் லூயிஸ் வரை சுமார் 1,180 கிலோமீட்டருக்கு இப்படி. மேலே பார்க்க மெதுவாகத்தான் தெரியும். இறங்கினால் இழுத்துவிடும்.

அந்தத் தடத்துக்காகக் கரையிலிருந்து ஆற்றுக்குள் நீட்டிப் போட்ட கல் தடுப்புகள்தான் கெளுத்தி பிடிப்பவர்களுக்கு வரம். தடுப்பின் நுனியில் தண்ணீர் சுழித்து அடிமண்ணை அரித்துக் குழி பறித்திருக்கும். குழிக்குப் பக்கத்தில் ஓட்டமில்லாத தண்ணீர். கெளுத்தி அங்கே சிரமமில்லாமல் கிடந்துகொண்டு, ஓட்டம் கொண்டுவருவதைத் தின்னும். இருட்டியதும் கரையோரமாக மேயக் கிளம்பும். அது வருகிற வழியில், வில்லோ மரவேர்களை ஒட்டி, கரைக்களிமண்ணில் கம்பைச் சாய்வாகக் குத்தி இறக்கினோம். பெரியவர் முழு உடம்பையும் போட்டு இறக்குவார். அப்புறம் பிள்ளைகள் ஆளுக்கொரு முறை தொங்கிப் பார்க்க வேண்டும். அசையாவிட்டால் சரி. சில கம்புகளில் கயிற்றை அடிவரை விட்டு, வெட்டிய கார்ப் மீன் துண்டு வைத்தோம். அது சேனல் கெளுத்திக்கு. சிலவற்றில் கயிற்றைச் சுருக்கி, தண்ணீருக்குச் சற்றுக் கீழே உயிருள்ள சன்ஃபிஷ். அது தட்டைத்தலைக் கெளுத்திக்கு. அது பெரும்பாலும் உயிர் இரையைத்தான் தேடும், செத்ததை அதிகம் சீந்தாது.

இரவு நெற்றி விளக்கோடு ஒரு சுற்று போனோம். தூரத்திலிருந்தே விளக்கடித்து எந்தக் கம்பு ஆடுகிறது என்று பார்ப்பதில் பிள்ளைகளுக்குள் போட்டி. ஓட்டத்தில் எல்லாமே கொஞ்சம் ஆடும். மீன் மாட்டிய கம்பின் ஆட்டம் வேறு. நின்று, யோசித்து, வெடுக்கென்று குனியும். இரண்டு கம்புக்குள் மூத்தவளுக்கு அது பிடிபட்டுவிட்டது.

முதலில் வந்தது சேனல் கெளுத்தி, முழங்கை நீளம். வால் நன்றாகப் பிளந்திருக்கும், பக்கங்களில் கறுப்புப் புள்ளிகள். மிசூரி மாநிலத்தின் அதிகாரபூர்வ மீன் இதுதான், 1997-இலிருந்து. சின்னவன் மீசையைப் பார்த்துப் பின்வாங்கினான். மீசை ஒன்றும் செய்யாது. முதுகுத் துடுப்பிலும் பக்கத் துடுப்புகளிலும் இருக்கிற முள்தான் குத்தும், அதில் லேசான விஷமும் உண்டு. மீன் பயந்தால் அந்த முள்ளை விரித்துப் பூட்டிக்கொள்ளும், பிறகு மடக்க முடியாது. குட்டி மீனின் முள் பெரியதைவிடக் கூர்மை. பக்கத் துடுப்பு முள்ளுக்குப் பின்னால் விரல் வருகிற மாதிரி வயிற்றுப்பக்கமாகப் பிடிக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்து, பெரியவர் மீனைச் சின்னவன் காதருகே கொண்டுபோனார். கர்ர், கர்ர் என்று சத்தம். பக்கத் துடுப்பின் முள்ளை அதன் குழியில் உரசி மீன் எழுப்புகிற சத்தம் அது. "பேசுது" என்று கத்தினான். அன்றைக்கு வந்த ஒவ்வொரு மீனையும் அவன் காதில் வைத்துக் கேட்ட பிறகுதான் அடுத்த கம்புக்கு நகர முடிந்தது.

விடியற்காலையில் யாரையும் எழுப்ப வேண்டியிருக்கவில்லை. பள்ளிக்கூட நாளில் அக்கா தொண்டை கிழியக் கத்தினாலும் எழுந்திருக்காதவர்கள், நான் ஷூ மாட்டுவதற்குள் படகில் உட்கார்ந்திருந்தார்கள். மரவேருக்குப் பக்கத்துக் கம்பு முழுசாகத் தண்ணீருக்குள் வளைந்திருந்தது. பெரியவர் மோட்டாரை அணைத்துவிட்டு மூத்தவளைப் பார்த்து, "உன் முடிச்சு. நீ இழு" என்றார்.

இந்த முறையின் சுகம் அங்கேதான். நடுவில் சுருளி கிடையாது, கியர் கிடையாது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் மீன், இந்தப் பக்கம் கை. கையுறை போட்டிருந்தாள். கையில் கயிற்றைச் சுற்றிக்கொள்ளக் கூடாது என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார் பெரியவர். மீன் இழுத்தால் விடு, நின்றால் வாங்கு. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினாள். கலங்கல் தண்ணீரில் முதலில் தெரிந்தது அகலமான மஞ்சள் பழுப்புத் தலை, மேல்தாடையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் கீழ்த்தாடை. தட்டைத்தலைக் கெளுத்தி. ஏழெட்டுக் கிலோ இருக்கும் என்றார். வலையில் அள்ளிப் படகில் போட்டதும் பலகை அதிர்ந்தது.

அதை அவர் வைத்துக்கொள்ளவில்லை. இந்த அளவுக்கு வளர வருஷக்கணக்கில் ஆகும், சாப்பிட நடுத்தர சேனல் கெளுத்தி போதும் என்பது அவர் கொள்கை. 1992-இல் மிசூரி ஆற்றில் கெளுத்தியை வியாபாரத்துக்குப் பிடிப்பதைத் தடை செய்தார்கள். அதற்கப்புறம்தான் பெரிய மீன் மறுபடி கண்ணில் படுகிறது என்றார். 2010 ஜூலையில் இதே ஆற்றில் 130 பவுண்டு நீலக் கெளுத்தி ஒன்று கிடைத்தது, கிட்டத்தட்ட 59 கிலோ. அடுத்த வருஷம் வர்ஜீனியாவில் 143 பவுண்டு மீன் கிடைக்கிற வரை அதுதான் உலகச் சாதனை. "நான் எவ்வளவு?" என்றான் சின்னவன். அந்த மீனில் பாதிகூட நீ இல்லை என்றதும் தண்ணீரைப் பார்த்துவிட்டு, வாயைத் திறக்காமல் லைஃப் ஜாக்கெட் வாரை இறுக்கிக்கொண்டான்.

கிளம்புகிற காலையில் கம்புகளைப் பிடுங்கி, கொக்கிகளை எண்ணி எடுத்தோம். கணக்கு சரியாக வரும் வரை பெரியவர் படகைத் திருப்பவில்லை. வைத்துக்கொண்ட சில மீன்களைக் கரையில் குறடால் தோலுரித்துச் சுத்தம் செய்தபோது, முகம் சுளிப்பார்கள் என்று நினைத்த பிள்ளைகள் இரைப்பையைத் திறந்து காட்டச் சொல்லி நின்றார்கள். ஒன்றில் எங்கள் கார்ப் துண்டு. ஒன்றில் வெட்டுக்கிளிக் கால்கள். மற்ற எல்லாவற்றிலும் கிரேஃபிஷ், ஆற்று இறால் மாதிரிக் கொடுக்கோடு இருக்குமே, அது. மூத்தவள் இதையெல்லாம் மிச்சமிருந்த ஒரு தகட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டு, நாம் வைத்த இரையே தப்பு என்று அறிவித்தாள். பெரியவர் மறுக்கவில்லை. ஓடையில் கல்லைப் புரட்டினால் கிடைக்கும் என்று வேறு சொல்லிவிட்டார். அக்கா கூடாரத்தை மடித்து, காரில் எல்லாவற்றையும் ஏற்றி, ஹாரன் அடித்தும் பார்த்தாள். இரண்டு பேரும் முழங்கால் தண்ணீரில் கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். வாளியைப் பிடித்துக்கொண்டு நானும்.