காருக்கு ஸ்கேனர் தேடி ஆண்டெனாவில் போய் நின்ற கதை

பல அலைவரிசைகளை மாறி மாறித் தேடிக் கேட்கிற ரேடியோதான் ஸ்கேனர். அதைக் காருக்கு வாங்க வைத்திருக்கும் காசில் பாதியை ஆண்டெனாவுக்கும் கேபிளுக்கும் எடுத்து வைத்துவிடுங்கள், கருவியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பாளையங்கோட்டையிலிருந்து அம்பை, வள்ளியூர், திருச்செந்தூர் என்று வண்டி போன பக்கமெல்லாம் எதையாவது மாட்டியும் கழற்றியும் பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது இதுதான். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் கேட்கிற எல்லாரும் "எந்த மாடல் வாங்க?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்.

இந்த வேலையில் நான் இறங்கியதற்குக் காரணம் 2023 டிசம்பர் மழை. 17, 18 தேதிகளில் நெல்லையும் தூத்துக்குடியும் என்ன பாடு பட்டன என்று இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. கொட்டியது, ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ரயிலோடு நூற்றுக்கணக்கானவர்கள் மாட்டிக்கொண்டார்கள், பல ஊர்களில் கரண்டும் இல்லை, செல்போனில் சிக்னலும் இல்லை. அந்த மாதிரி நேரத்தில் வீட்டில் மிச்சமிருக்கிற ஒரே பெரிய பேட்டரி காரில் இருப்பதுதான். என்னிடம் ஹாம் உரிமம், அதாவது பொழுதுபோக்காக ரேடியோவில் பேச அரசு தருகிற உரிமம், இருக்கிறது, மொட்டை மாடியில் ஆண்டெனா இருக்கிறது, வண்டியில் மட்டும் எதுவும் இல்லை. சரி, முதலில் கேட்கிற வசதியாவது செய்துகொள்வோம் என்று தொடங்கினேன்.

உரிம விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1933-ஆம் வருஷத்துக் கம்பியில்லாத் தந்திச் சட்டக் காலத்திலிருந்தே நம் நாட்டில் வயர்லெஸ் கருவியை உரிமம் இல்லாமல் கையில் வைத்திருக்கக் கூடாது. அமெரிக்காவில் கடையில் போய் ஸ்கேனர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு போகிற வீடியோவைப் பார்த்துவிட்டு இங்கே யாரும் அதைச் செய்ய வேண்டாம். தேர்வு எழுதி ஹாம் உரிமம் வாங்குங்கள், ரெஸ்ட்ரிக்டட் என்கிற கீழ்நிலை கிரேடுக்கு மோர்ஸ் தந்திக் குறியீடு கூடத் தேவையில்லை. நான் கேட்பது ஹாம் அலைவரிசைகள், விண்வெளி நிலையம், வானொலி, இவ்வளவுதான். கூரையில் கம்பியைப் பார்த்துவிட்டு டீக்கடையில் யாராவது வந்து கேட்காமல் இருப்பதில்லை.

"அண்ணாச்சி, எலெக்‌ஷன் டூட்டியா?"

"இல்லப்பா, ஹாம் ரேடியோ."

"இதுல போலீஸ் பேசுறது கேக்குமா?"

"கேக்கக் கூடாதுப்பா, அது குத்தம்."

உடனே அவர்களுக்கு ஆர்வம் போய்விடும். உரிமத்தின் நகல் டேஷ்போர்டு டப்பாவில் எப்போதும் இருக்கிறது, புளியரை செக்போஸ்ட்டில் ஒரு தரம் அது பயன்பட்டது.

இனி கருவி. நண்பர் ஒருவரிடம் யூனிடன் பிசி125ஏடி இருந்தது, கொஞ்ச நாள் வாங்கி ஓட்டிப் பார்த்தேன். நேர்மையான சின்னக் கருவி, 500 நினைவிடங்கள், இரண்டு பேட்டரியில் ஓடும், ஹாம்கள் பேசுகிற 144, 430 மெகாஹெர்ட்ஸ் பக்கங்கள் இரண்டும் கேட்கும். ஆனால் அதன் எல்லை 54 மெகாஹெர்ட்ஸில் நின்று மறுபடி 108-ல்தான் தொடங்குகிறது, அதனால் பண்பலை வானொலி அதில் கிடையாது. 500 இடங்களை நிரப்ப நம் பக்கத்தில் அவ்வளவு ஹாம் நடமாட்டமும் இல்லை, என் பட்டியல் முப்பதைத் தாண்டவே சிரமப்பட்டது. இதைவிடப் பல மடங்கு விலையில் டிஜிட்டல் டிரங்கிங், அதாவது பல குழுக்கள் சில அலைவரிசைகளை மாறி மாறிப் பகிர்ந்துகொள்கிற முறை, கேட்கிற பெரிய ஸ்கேனர்கள் இருக்கின்றன, அவை அமெரிக்கப் போலீஸ், தீயணைப்புக்காரர்களின் அமைப்பைப் பின்தொடரச் செய்தவை. அந்தக் காசு நமக்கு வீண்.

அடுத்தது ஆர்டிஎல்-எஸ்டிஆர் வி3, மென்பொருளால் ஓடுகிற ரேடியோ (எஸ்டிஆர்), பென்டிரைவ் அளவில் இருக்குமே அதுதான், பழைய ஆண்ட்ராய்டு போனில் ஓடிஜி வயர் போட்டு மாட்டினேன். இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. சாதாரண ஸ்கேனர் ஒவ்வொரு அலைவரிசையாக எட்டிப் பார்த்துக்கொண்டே போகும், நாம் ஒன்றில் இருக்கும்போது பக்கத்தில் யாராவது இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனால் தெரியாது. இந்தக் கருவி ஒரே நேரத்தில் 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைக் காட்டும். நமக்கு 2 மீட்டர் பட்டை என்கிற ஹாம் அலைவரிசைத் தொகுதியே 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரைதான், ஆக மொத்தப் பட்டையும் திரையில் விரிந்து கிடக்கும், யார் எந்த மூலையில் பேசுவதற்கான பிடிடி பொத்தானை அமுக்கினாலும் ஒரு கோடு விழும். வீட்டில் இது சொர்க்கம். ஓடுகிற வண்டியில் திரையை யார் பார்ப்பது? பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பார்த்தால் சரி. போதாததற்கு இது 8 பிட் கருவி, பலத்த சிக்னலையும் மெல்லிய சிக்னலையும் ஒருசேரச் சமாளிக்காது, வண்ணார்பேட்டை மேம்பாலத்துப் பக்கம் வந்தால் உள்ளூர்ப் பண்பலை நிலையங்களின் பலத்தில் திணறிப்போய் 145-லேயே சினிமாப் பாட்டு கேட்கும். கெயினை, அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவைக் குறைத்தால் கொஞ்சம் அடங்கும், 88 முதல் 108 வரை அடைக்கிற ஃபில்டரை இடையில் போட்டால் நன்றாகவே அடங்கும்.

கடைசியில் வண்டியில் நிரந்தரமாக உட்கார்ந்தது ஹாம்களுக்கான டூயல் பேண்ட் மொபைல் செட், அதாவது 144, 430 இரண்டு பட்டையிலும் கேட்கவும் பேசவும் வண்டியில் மாட்டுகிற ரேடியோ. ஸ்கேனர் என்று பெயர் போட்டு விற்பதில்லை, ஆனால் நினைவில் போட்டதை எல்லாம் ஸ்கேன் செய்யும். 12 வோல்ட்டில் நேரடியாக ஓடும், ஸ்பீக்கர் சத்தம் டயர் சத்தத்தை மீறிக் கேட்கும், திருகுகிற குமிழ் இருப்பதால் கண் ரோட்டில் இருக்கும்போதே கை தன் வேலையைப் பார்க்கும். ஓட்டும்போது மைக்கைக் கழற்றி வைத்துவிடுவேன்.

இப்போது ஆண்டெனா. கையடக்கச் செட்டை அதன் குட்டை ரப்பர் ஆண்டெனாவோடு சீட்டில் வைத்தால் என்ன கேட்கிறது, அதே செட்டைக் கூரை ஆண்டெனாவில் மாட்டினால் என்ன கேட்கிறது, இதை ஒருமுறை செய்து பாருங்கள், மாடல் பற்றிப் பேசவே தோன்றாது. அம்பையில் ஒரு நண்பரின் வீட்டு நிலையம் இருக்கிறது, இங்கிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர். அவர் குரல் சீட்டில் இருந்த செட்டில் வெறும் இரைச்சலாக வந்தது, கூரைக்குப் போனதும் பக்கத்துத் தெருவில் நின்று பேசுவது மாதிரி ஆகிவிட்டது. கார் என்பது இரும்புக் கூண்டு, அலை ஜன்னல் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும், அதிலும் உலோகம் கலந்த சன் ஃபிலிம் ஒட்டியிருந்தால் அந்த வழியும் பாதி அடைபட்டுப் போகும்.

நான் போட்டது கால் அலைக் கம்பி, அதாவது அலை நீளத்தில் கால் பங்கு நீளமுள்ளது, காந்த அடியோடு. கணக்கு சுலபம்: 75-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டரில் கால் அலை, அதில் நூற்றுக்கு ஐந்து குறைத்துக்கொள்ளுங்கள். 145-க்கு 49 செ.மீ. வருகிறது. இதே கம்பி 435-ல் முக்கால் அலையாக வேலை செய்யும் என்பதால் இரண்டு பட்டைக்கும் ஒன்றே போதும். கம்பி பாதி ஆண்டெனாதான், மீதிப் பாதி அடியில் இருக்கிற கூரைத் தகடு. அதனால்தான் நடுக்கூரையில் வைத்தால் எல்லாத் திசையிலும் சமமாக வாங்குகிறது, பின்பக்க ஓரத்தில் வைத்தால் தகடு எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கமே அதிகம் வாங்குகிறது. கண்ணாடிக் கூரை வண்டி வைத்திருப்பவர்களுக்குக் காந்தமும் ஒட்டாது, தகடும் இல்லை, டிக்கி ஓரத்தில் கிளாம்ப் போடுவதுதான் வழி.

நீளமான 5/8 ஆண்டெனா வாங்கலாமே, அதாவது எட்டில் ஐந்து பங்கு அலை நீளம், ஒன்றேகால் மீட்டர் உயரம் வரும், சிக்னல் வாங்குவதில் லாபம் அதிகம் என்பார்கள். சமவெளியில் உண்மை. நாங்குநேரி, வள்ளியூர் பக்கம் நேர்ரோட்டில் அது நன்றாகவே வாங்கியது. ஆனால் அந்த லாபம் ஆகாயத்திலிருந்து எடுத்துத் தொடுவானத்துக்குக் கொடுத்ததுதானே, மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறும்போது எதிர்முனை நமக்கு மேலேயோ கீழேயோ இருக்கும், அங்கே குட்டைக் கம்பிதான் சளைக்காமல் கேட்டது. வேகத்தில் நீளக் கம்பி பின்னால் வளைவது, கிளை தட்டுவது இதெல்லாம் வேறு. பாபநாசம் ரோட்டு மரங்களுக்கு அடியில் போகிறவர்களுக்குக் கால் அலைதான் நிம்மதி.

நீளம் பற்றிப் பேசும்போது ஒன்று ஞாபகம் வருகிறது. நாங்குநேரிக்குத் தென்கிழக்கே விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐஎன்எஸ் கட்டபொம்மன் இருக்கிறது, 1990-இலிருந்து நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்புகிற நிலையம். அதன் உயரமான கோபுரங்கள் 471 மீட்டர், இந்தியாவிலேயே உயரமான கட்டுமானம் நம்ம ஊரில்தான் நிற்கிறது என்று பாதிப் பேருக்குத் தெரியாது. அவர்கள் பயன்படுத்துவது 18 கிலோஹெர்ட்ஸ் பக்கம், அலை நீளமே 16 கிலோமீட்டருக்கு மேல். நம்ம கணக்கைப் போட்டால் அதற்குக் கால் அலைக் கம்பி 4 கிலோமீட்டர் வேண்டும், 471 மீட்டர் கூட அவர்களுக்குக் குட்டைதான். நம் ஸ்கேனர் எதிலும் அது கேட்காது. அந்தப் பக்கமும் கூடங்குளம் பக்கமும் ஆண்டெனாவோடு வண்டியை ஓரங்கட்டி உட்காராதீர்கள், உரிமம் இருந்தாலும் பதில் சொல்லியே பொழுது போய்விடும்.

எவ்வளவு தூரம் கேட்கும் என்று கேட்பவர்களுக்கு: உயரத்தை மீட்டரில் எடுத்து வர்க்கமூலம் கண்டு 4.12-ஆல் பெருக்குங்கள், கிலோமீட்டரில் ரேடியோ தொடுவானம் வரும். 2 மீட்டர் உயரத்தில் இருக்கிற கார் ஆண்டெனாவுக்கு 6 கிலோமீட்டர் கூடக் கிடையாது. மிச்சம் எல்லாம் எதிர்முனையின் உயரம். கோடை பண்பலை 100.5 இதற்கு நல்ல உதாரணம். கொடைக்கானல் 2100 மீட்டர், அதன் தொடுவானம் ஏறத்தாழ 189 கிலோமீட்டர், நேர்கோட்டில் நெல்லை 170 கிலோமீட்டர் பக்கம் வருகிறது. அதனால் ஊருக்குள் சுகமாக வரும், வள்ளியூர் தாண்டும்போது 200-க்கு மேல் போய்விடுவதால் கரகரக்கத் தொடங்கும். புது ஆண்டெனா மாட்டினால் நான் முதலில் எஸ்டிஆரில் இதைத்தான் போட்டு எந்த ஊரில் அறுந்து போகிறது என்று பார்ப்பேன். சிக்னல் அளவு காட்டுகிற மீட்டர் முள்ளைவிட இது நம்பகமான சோதனை. உவரி, மணப்பாடு கடற்கரைக்குப் போனால் கணக்கே வேறு, மன்னார் வளைகுடாவின் தண்ணீருக்கு மேல் இலங்கைத் தமிழ் நிலையங்கள் உள்ளூர் மாதிரிக் கேட்கும்.

கேபிளில் கஞ்சத்தனம் வேண்டாம். காந்த அடியோடு சும்மா வருகிற மெல்லிய ஆர்ஜி-174 வயர் 145-ல் பரவாயில்லை, 435-ல் 4 மீட்டருக்கே 2 டெசிபலுக்கு மேல் தின்றுவிடும். ஆர்ஜி-58 கொஞ்சம் தடிமன், ஆனால் பின் கதவு ரப்பருக்கு இடையில் நசுங்காமல் போகிறது. உள்ளே நுழையும் முன் ஒரு வளைவு கீழே தொங்குகிற மாதிரி விடுங்கள், மழைத் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். காந்தத்தை வைக்கும் முன் அடியையும் கூரையையும் துடைத்துவிட வேண்டும், இரும்புத்தூள் ஒட்டியிருந்தால் பெயிண்டில் வட்டக்கீறல் விழும். கடற்கரைக்குப் போய்வந்தால் எடுத்துத் துடைத்து வைத்துவிடுங்கள், உப்புக்காற்றுக்குக் காந்த அடியின் ஓரம் சீக்கிரம் துருவேறும்.

இரைச்சல் தனிக்கதை. என்னுடையது டீசல், பெட்ரோல் வண்டி மாதிரி ஸ்பார்க் பிளக் தொல்லை கிடையாது. ஆனாலும் ஆக்ஸிலேட்டர் மிதிக்க மிதிக்க ஒரு விசில் ஏறும், அது ஆல்டர்னேட்டர். சிகரெட் லைட்டர் துளையிலிருந்து கரண்ட் எடுத்தவரை அது போகவில்லை. ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து பேட்டரியிலிருந்தே தனி வயர் இழுத்து, பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸ் போட்ட பிறகு பெரும்பகுதி அடங்கியது. இதைவிட மோசமான எதிரி மலிவான போன் சார்ஜர். அதைப் பிடுங்கியதும் பாதி அலைவரிசைகளில் சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடைக்கிற ஸ்குவெல்ச் தானாக மூடிக்கொண்டது. மத்திய அலையில் இந்தச் சார்ஜரின் அட்டகாசம் இன்னும் அதிகம், திருநெல்வேலி வானொலியின் 1197 கிலோஹெர்ட்ஸைக் கூட அமுக்கிவிடுகிறது. மழைக்காலத்தில் எனக்கு அது முக்கியம், அதனால் இப்போது இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் போட்ட நல்ல சார்ஜர் ஒன்றுதான் வண்டியில் இருக்கிறது.

விண்வெளி நிலையம் கேட்க ஆசைப்படுகிறவர்கள் 145.800-ஐ நினைவில் போட்டு வையுங்கள், பள்ளிப் பிள்ளைகளோடு விண்வெளி வீரர்கள் பேசுவதும் அவ்வப்போது படம் அனுப்புவதும் அதில்தான். பூமியிலிருந்து வரும் குரலை வாங்கி மறுபடி அனுப்புகிற அதன் ரிப்பீட்டர் 437.800-ல் இறங்குகிறது, அங்கே டாப்ளர் விலகல், அதாவது நிலையத்தின் வேகத்தால் அலைவரிசை நகர்வது, 10 கிலோஹெர்ட்ஸ் வரை போகும். அதனால் 437.810, 437.805, 437.800, 437.795, 437.790 என்று ஐந்தையும் வரிசையாகப் போட்டுவிட்டு, வரும்போது மேலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக இறங்கினால் போதும். தலைக்கு மேல் கடந்து மறைய அதிகம் போனால் 10 நிமிஷம். வ.உ.சி. மைதானத்துப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு இந்தக் கால் அலைக் கம்பியிலேயே கேட்டிருக்கிறேன், உச்சிக்கு நேராக வரும்போது மட்டும் கம்பியின் நுனி அதைப் பார்ப்பதால் கொஞ்சம் தளர்கிறது.

இனி செய்ய நினைப்பது கூரையில் துளை போட்டு நிரந்தர அடி வைப்பது. எலக்ட்ரீஷியன் டிரில்லோடு தயாராக இருக்கிறார், "அண்ணாச்சி, தண்ணி இறங்காம நான் பாத்துக்கிடுதேன்" என்கிறார். வண்டியை இன்னும் எத்தனை வருஷம் வைத்திருப்பேன் என்று முடிவானால்தான் அவரிடம் சரி சொல்ல முடியும், அதுவரை காந்தம்தான்.