எனக்கு ஆல்டோ மட்டும்தான் தெரியும்

குளிக்கும்போது நான் முணுமுணுக்கும் பாட்டு ஒன்று உண்டு. கல்யாணமான புதிதில் மனைவி கதவுக்கு வெளியே நின்று, "அது என்ன பாட்டுங்க?" என்று கேட்டாள். துண்டோடு வந்து முழுசாகப் பாடிக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதுல பாட்டு எங்க இருக்கு?" என்றாள். கோயம்புத்தூர்க்காரி, மரியாதையாகத்தான் கேட்டாள்.

அவள் மேல் தப்பில்லை. அது நாலு குரல் பாட்டு. மேலே சோப்ரானோ, அதற்குக் கீழே ஆல்டோ, அப்புறம் டெனர், அடியில் பேஸ். மெட்டு என்று நாம் சொல்வது பெரும்பாலும் சோப்ரானோ கையில்தான் இருக்கும். பேஸுக்கு அஸ்திவாரம் போட்ட கௌரவம். டெனருக்கு அவ்வப்போது ஒரு தாவல் கிடைக்கும். ஆல்டோ மட்டும் கூட்டுக் குடும்பத்து நடுப்பிள்ளை. ஸோ, ஸோ, லா, ஸோ, ஃபா, மீ என்று நாலைந்து சுரத்துக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருக்கும். ராயபுரத்தில் ஒரு பள்ளியின் கொயரில், அதாவது பாடற்குழுவில், ஆறாம் வகுப்பிலிருந்து நான் நின்றது அந்த வரிசையில். நெற்றியில் பட்டை போட்டுக்கொண்டு லத்தீன் பாடிய பையன் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன். அப்போது எடுத்த போட்டோவைப் பார்த்தால் மூன்று பேர் இருக்கிறோம்.

இத்தனை வருடம் கழித்து, பழைய கொயர் பையன்கள் கூடுகிறோம் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. நவம்பர் 22 புனித செசிலியா திருநாள். இசைக்காரர்களுக்கு அவர்தான் பாதுகாவலர். அதை ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை. பூசை, மதியம் பிரியாணி, சாயங்காலம் பாட்டு. தலைக்கு 700 ரூபாய். நவம்பரில் வடசென்னைக்கு வா என்று கூப்பிடுகிறவர்கள் நண்பர்களாகத்தான் இருக்க முடியும். வேறு யாருக்கும் அந்தத் தைரியம் வராது.

சென்ட்ரலில் இறங்கியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. நான் ஊரைவிட்டுப் போன காலத்தில் இங்கிருந்து ராயபுரம் போவதென்றால் பாரிமுனையில் ஒரு பஸ் மாறி, மூலக்கொத்தளத்துப் பக்கம் ஒரு நெரிசலில் நின்று, வியர்த்து வழிந்துதான் போகவேண்டும். இப்போது மெட்ரோ. உயர்நீதிமன்றம், மண்ணடி, அடுத்தது வண்ணாரப்பேட்டை, அவ்வளவுதான். 2019-ல் வண்ணாரப்பேட்டை வரை வந்த ரயில், 2021-ல் விம்கோ நகர் வரைக்கும் நீண்டுவிட்டது. பூமிக்கு அடியில் ஏசியில் போனதில் ஒரே குறை, வாசனை வரவில்லை. வடசென்னையில் எந்த இடம் வந்திருக்கிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே மூக்கால் சொன்னவர்கள் நாங்கள். மேலே ஏறி வெளியே வந்ததும் டீசலும் ஈரமும் கருவாடும் கலந்து மூஞ்சியில் அடித்தது. சரி, ஊர் அங்கேயேதான் இருக்கிறது.

ஷேர் ஆட்டோவில் கல்மண்டபம். அங்கே கீச்சான் வீட்டில் குளியல். அவனுக்கு அந்தப் பெயர் வந்த காரணம் அவனுடைய குரல். எங்கள் கொயரிலேயே உச்சஸ்தாயியில் நின்ற சோப்ரானோ அவன். கீச்சான் என்று ஒரு மீனும் உண்டு, பிடித்துத் தூக்கினால் சத்தம் போடும். இப்போது அவன் காசிமேட்டில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றிவிடும் தொழில் செய்கிறான். விடியற்காலை ஏலச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி, குரல் சல்லிக்கல்லைக் கொட்டிய மாதிரி ஆகியிருக்கிறது. "வா நைனா, இன்னா இப்டி எளச்சிட்ட?" என்றான். நான் இளைக்கவில்லை. அது அவன் வீட்டு மரியாதை.

நேரம் இருந்ததால் ராயபுரம் ஸ்டேஷன் பக்கம் நடந்தோம். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. தூண் வைத்த அந்த முகப்பைப் பார்த்தால் ஏதோ கலெக்டர் பங்களா என்றுதான் தோன்றும். அங்கிருந்து ராயப்பர் கோயில். ராயப்பர் என்றால் பீட்டர். ராயபுரத்துக்கே அவர் பெயர்தான் என்று ஊரில் சொல்வார்கள். கட்டியவர்கள் படகோட்டிகள். துறைமுகம் வருவதற்கு முன்னால் கப்பல் சரக்கை மசூலா படகில் கரை சேர்த்தவர்கள். எங்கள் கொயரில் பாதிப் பேர் அந்தத் தெருக்களின் பிள்ளைகள். அவர்களுக்குப் பாட்டு புதிதில்லை. துடுப்பை ஒரே நேரத்தில் தள்ளுவதற்குப் பாட்டன் பாடிய ஏலேலோ வீட்டிலேயே இருந்தது.

பள்ளிக்குப் போனபோது பூசை ஆரம்பித்திருந்தது. இறந்துபோனவர்களின் பெயர்களை வாசித்தார்கள். பதினோரு பெயர். அதில் இரண்டு பேர் இறந்ததே எனக்கு அங்கேதான் தெரியும். எங்களுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்த மாஸ்டரின் பெயர் கடைசியில் வந்தது. முன்வரிசையில் மாஸ்டரின் மனைவி உட்கார்ந்திருந்தார். எல்லோருக்கும் அவர் அம்மாதான். மழை நாட்களில் பிராக்டிஸ் முடிந்து அவர் கொடுத்த சுக்குக் காப்பிக்காகவே கொயரில் சேர்ந்தவர்கள் உண்டு.

மாஸ்டரைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பயணத்தைச் சொல்ல முடியாது. ஸ்டாஃப் நொட்டேஷன் எங்களுக்கு அவர் கற்றுத்தரவில்லை. ஐந்து கோட்டில் காக்கா உட்கார்ந்த மாதிரி இருக்கிற அது, கீபோர்டு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு என்பார். எங்களுக்கு டோ ரே மீ எழுத்துதான். டோனிக் ஸால்ஃபா என்று பெயர். 19-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜான் கர்வன் என்ற பாதிரியார் சாதாரண ஜனங்களும் கூட்டாகப் பாடவேண்டும் என்று பரப்பிய முறை அது. மிஷனரிகளோடு கப்பலேறி உலகம் முழுக்கப் போனது. பாட்டு எந்தச் சுருதியில் இருந்தாலும் ஆதார சுரம்தான் டோ. அதாவது நம்முடைய ஸட்ஜமம். தண்டையார்பேட்டையில் என் பாட்டி வீட்டுக்கு எதிரில் வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுத்த மாமிக்கு இது ஒரே நிமிடத்தில் புரிந்தது. புரியாதது, ஒரே பாட்டை நாலு பேர் நாலு விதமாக ஏன் பாடவேண்டும் என்பது. "ஒருத்தன் சரியா பாடினா போறாதா?" என்று கேட்டார். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

லத்தீன் வரிகளைத் தமிழ் எழுத்தில் கரும்பலகையில் எழுதிப் போடுவார் மாஸ்டர். எங்கே 'க' எங்கே 'ga' ஓசை என்று காட்ட மேலே ஒரு சின்னக் கோடு. கால் ஹார்மோனியத்தை மிதித்துக்கொண்டே ஒரு பார்ட்டை வாசிப்பார். அந்த வரிசை மட்டும் பாடவேண்டும், மற்றவர்கள் காதைப் பொத்திக்கொள்ளவேண்டும். உண்மையிலேயே பொத்திக்கொள்வோம். அடுத்தவன் பார்ட் காதில் ஏறினால் நம்முடையது வழுக்கிவிடும். அதனால்தான் எனக்கு ஆல்டோவைத் தவிர எதுவும் தெரியாது. "நல்ல ஆல்டோ கேட்கவே கூடாதுடா. எடுத்துட்டா மட்டும் தெரியணும்" என்பார்.

எட்டாம் வகுப்பில் ஒரு திங்கட்கிழமை என் குரல் உடைந்தது. ஆண் பிள்ளைகளுக்கு அந்த வயதில் குரல்வளை பெருத்து, குரல் நாண் நீண்டு, கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடும். மாஸ்டர் திட்டவில்லை. ஆறு மாதம் பக்கம் திருப்பு, அப்புறம் டெனரா பேஸா பார்ப்போம் என்றார். ஆறு மாதம் முடிவதற்குள் அப்பாவுக்கு வேலை மாறி நாங்கள் கோயம்புத்தூர் போய்விட்டோம்.

பிரியாணிக்கு முன்னால் கணக்கு வாசித்தார்கள், அதில் வழக்கம்போல ஒரு சண்டை. போன கூடுகைக்கு வாங்கிய பேனர் செலவு இன்னும் தீரவில்லையாம். அதை விட்டுவிடுகிறேன். பிரியாணி நன்றாக இருந்தது, கத்தரிக்காய் கொஞ்சம் புளிப்பு.

சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவன் ஒல்லி. இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கிறான், இப்போது ஒல்லி இல்லை. அவன் ஊரில் ஒரு கதீட்ரல், அதற்கென்றே ஒரு கொயர் பள்ளி. எட்டு வயதில் சேர்த்து, குரல் உடையும் பதின்மூன்று வயதுவாக்கில் அனுப்பிவிடுவார்களாம். நூற்றாண்டுக் கணக்கில் பையன்கள் மட்டும்தான். 1991-ல் ஸால்ஸ்பரி கதீட்ரல் பெண் பிள்ளைகளுக்கும் கொயர் ஆரம்பித்த பிறகு மற்ற இடங்களும் மெல்ல வழிக்கு வந்தன. அங்கேயும் பழைய பையன்கள் வருடத்துக்கொரு முறை கூடுவார்கள். ஆனால் அவர்கள் கூடினால், இப்போது படிக்கிற பிள்ளைகள் மேலே சோப்ரானோ பாடுவார்கள், பெரியவர்கள் கீழே டெனர், பேஸ் வரிசையில் போய் நின்றுகொள்வார்கள். சாயங்கால ஜெபம் பாடிவிட்டு விருந்துக்குப் போவார்கள்.

"ஆல்டோ?" என்றேன்.

"அங்க ஆல்டோ பாடுறதே பெரிய ஆம்பளைங்கதான் மச்சி. கள்ளக்குரல்ல. சொந்தக் குரல விட்டுட்டு மெலிசா மேல ஏத்திப் பாடுவாங்க."

என் வாழ்க்கையில் யாரும் இதை எனக்குச் சொன்னதில்லை.

நான்கு மணிக்குப் பாட்டு. எங்கள் கஷ்டம் அப்போதுதான் தெரிந்தது. எங்கள் பள்ளியில் இப்போது கொயர் கிடையாது. மாஸ்டர் ஓய்வு பெற்றதும் நிறுத்திவிட்டார்கள். ஆண்டு விழாவுக்கு பென்டிரைவில் கரோக்கி ட்ராக் போட்டு, மைக்கைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். இதைப் பற்றி எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. ஒரு ஹார்மோனியத்தின் விலை என்ன, கூடத்துக்கு மாட்டியிருக்கும் அந்த எல்இடி திரையின் விலை என்ன? போகட்டும். விஷயம் என்னவென்றால், மேலே பாட எங்களிடம் சின்னப் பிள்ளைகள் இல்லை. இருப்பது ஐம்பது வயது ஆம்பிளைகள் இருபத்தாறு பேர்.

பாடினோம். சோப்ரானோக்காரர்கள் ஒரு ஸ்தாயி கீழே பாடினார்கள். நாங்களும் ஒரு ஸ்தாயி கீழே. டெனர் இருந்த இடத்திலேயே இருந்ததால் மெட்டுக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. எங்கள் ஆல்டோ கீழே போய் பேஸின் காலை மிதித்தது. நாலு குழம்பை ஒரே சட்டியில் ஊற்றிய மாதிரி ஆயிற்று. முதல் சரணம் முடிவதற்குள் தவளை சிரித்துவிட்டான். அவன்தான் பேஸ், அந்தப் பெயரும் அதனால்தான்.

அம்மா ஒன்றும் பேசாமல் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். மாஸ்டரின் கையெழுத்து. நாலு பார்ட்டும் ஒன்றின் கீழ் ஒன்றாக, சிவப்பு மையில் மூச்சு எடுக்கவேண்டிய இடங்கள். கீச்சானின் மகள் ப்ளஸ் டூ படிக்கிறாள், அப்பாவை பைக்கில் அழைத்துப் போக வந்தவள். கீபோர்டில் டிரினிட்டி கிரேடுகள் முடித்தவள். அப்பா காதில் ஏதோ சொல்ல, "எனக்கு ஸ்டாஃப்தான்பா தெரியும், இது என்ன டி ஆர் எம்முன்னு இருக்கு?" என்றாள். பத்து நிமிடம் எடுத்துக்கொண்டாள். அப்பன் சொல்லிக்கொடுத்தான், அந்தச் சல்லிக்குரலில், ஒரு சுரம் பிசகாமல். முப்பத்தெட்டு வருடமாக அவனும் அவன் பங்கை வைத்திருந்திருக்கிறான்.

அந்தப் பெண் மேலே எடுத்தாள். நான் ஒல்லி சொன்னதை நினைத்துக்கொண்டு, வெட்கத்தை விட்டு, கள்ளக்குரலில் பழைய இடத்துக்கே போனேன். முதல் வரியில் தொண்டை பிசிறியது. இரண்டாவது வரியில் என்னுடைய அந்தச் சலித்துப்போன ஸோ, அவளுடைய மீ-க்குக் கீழே போய் உட்கார்ந்தது. ஓ, இதற்குத்தானா அது! 'லா' என்று ஒரு இடத்தில் காரணமில்லாமல் ஏறி இறங்குவேனே, அங்கே மேலே அவள் நீட்டி நின்றாள். நான் நகர்ந்ததால்தான் அந்த நீட்டலுக்கு நிறம் மாறியது. பையனாக இருந்தபோது இதைக் கேட்டிருக்க வாய்ப்பில்லை. பயத்தில் என் பார்ட்டையே பிடித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் சரணத்துக்கு அவள் இருக்கவில்லை. டியூஷன் இருக்கிறது என்று போய்விட்டாள். அம்மா நோட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டார். ஜெராக்ஸ் எடுத்துத் தருகிறோம் என்று நாலு பேர் கேட்டோம். "அடுத்த வருஷம் வாங்கடா, தரேன்" என்றார்.

மழை வலுத்தது. யாரும் கிளம்பவில்லை. 1949 செப்டம்பரில் திமுகவின் முதல் பொதுக்கூட்டம் இதே ராயபுரத்து ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில்தான் நடந்தது. மழைக்குக் கலைகிற பழக்கம் இந்தப் பக்கம் கிடையாது. பேச்சு எங்கெங்கோ போயிற்று. முத்துசாமி தீட்சிதர் குடும்பம் மணலியில் இருந்ததையும், கோட்டையில் வெள்ளைக்காரன் பேண்டு கேட்டு அவர் அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதியதையும், தம்பி பாலுசாமி வயலின் கற்றதையும் ஒருவன் எடுத்தான். "மணலி எங்க ஏரியா. அப்ப கொயரும் எங்க ஏரியாதான்" என்று தவளை முடித்துவிட்டான். அவன் வீடு மணலியில்.

ராத்திரி ரயிலுக்கு முன் பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ. 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த சாப்பாடு அது. நூடுல்ஸில் முட்டைகோஸ், வறுத்த வெங்காயம், பூண்டு, புளித்தண்ணி, மிளகாய்த்தூள், மேலே நொறுக்கிய பேஜோ என்ற மொறுமொறு தட்டை, எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே வாழைத்தண்டு சூப், கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். குடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் சாப்பிட்டோம். தவளை மூன்று தட்டு.

வீட்டுக்கு வந்து மனைவிக்கு ஒல்லி அனுப்பிய ரெக்கார்டிங்கைப் போட்டுக் காட்டினேன். பாதிக்கு மேல் தவளைதான் கேட்கிறான். நடுவில் யாரோ டம்ளரைக் கீழே போடுகிறார்கள். இருந்தாலும் அந்தப் பெண் பாடிய ஒரு சரணம் தெளிவாக இருக்கிறது. மனைவி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். மறுபடி போடச் சொன்னாள்.

"நல்லா இருக்குங்க," என்றாள். "ஆனா உங்க குரலே கேக்கலயே?"